ஹிஹோன் என்று சொல்லப் பழகினேன்

சமையலறை ஜன்னலோரம் நின்று, எவர்சில்வர் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதில் என் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் லேசாக ஒட்டியிருக்க வேண்டும். அழுத்தக் கூடாது. மூச்சை விட்டால் நுனி தானாகப் படபடக்கும். செல்போனில் ஒரு ஸ்பெயின்காரர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் படபடத்தது. எனக்குக் காற்றும் கொஞ்சம் எச்சிலும் வந்தன.

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. என்னைவிட அது தெளிவாகப் பேசியது.

நான் சொல்ல முயன்றது ஒரு பெயர். ரொசாரியோ. தமிழில் எழுதிவிட்டால் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் ஸ்பானிஷில் ஒரு சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர' சாதாரண 'ர' இல்லை. ஆட்டோ ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தம்போல நாக்கு உருள வேண்டும். நடுவில் வரும் 'ர'வோ நம் 'மரம்' என்ற சொல்லில் இருப்பதுதான்; ஒரே ஒரு தட்டு. அந்த ஒரே பெயருக்குள் இரண்டும் இருந்தன.

ரொசாரியோ என் தம்பி சேகரின் மனைவி. அவன் இறந்த பிறகுதான், அவள் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வந்தது.

தட்டைக் கீழே வைத்தபோது ஒன்று உறைத்தது. காலையிலிருந்து நான் வாய் திறந்தது அந்தப் பெயருக்காக மட்டும்தான்.

தம்பி இறங்கிய துறைமுகம்

இந்தத் தொடரில் சேகரைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டதைப் பற்றி எழுதினேன். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் கை வேறு பக்கம் போய்விடும்.

எங்களுக்கு லால்குடிப் பக்கம். நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். நாங்கள் படிக்க வேண்டும் என்று அப்பா திருச்சி புத்தூரில் இந்த வீட்டை வாங்கினார். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். நான் படித்து இங்கிலீஷ் டீச்சரானேன். என்னைவிடப் பல வயது இளையவனான சேகர் மெக்கானிக் படித்துவிட்டுக் கப்பலில் இஞ்சின் வேலைக்குப் போனான்.

ஒரு தடவை கப்பல் பழுதாகி ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டது. கப்பல் கிளம்பியபோது அவன் ஏறவில்லை. அங்கேயே ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தான். பட்டறைக்குப் பக்கத்து மீன்கடையில் வேலை பார்த்த ரொசாரியோவைக் கல்யாணம் செய்துகொண்டான். பிள்ளைகள் இல்லை. அப்பா இறந்தபோது ஊருக்கு வந்தான், தனியாகத்தான் வந்தான். ரொசாரியோவை நான் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன்.

அந்த ஊரின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்து நாங்கள் எல்லோரும் 'ஜிஜோன்' என்றோம். அப்பாவுக்குக் கடைசிவரை ஜிஜோன்தான். சேகர் ஒரு நாளும் திருத்தியதில்லை. போனில் பேசும்போது அவனும், "இங்க ஜிஜோன்ல ஒரே மழைக்கா" என்பான்.

ஸ்பானிஷில் 'ஜ' என்ற ஒலியே கிடையாது. அந்த ஊர் ஹிஹோன். இரண்டு 'ஹ'வும் தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும். எங்களுக்காக அவன் தான் வாழ்ந்த ஊரின் பெயரையே இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லியிருக்கிறான். அவன் போன பிறகு, செல்போனில் இருந்த முதல் பாடத்தில் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அவன் இறந்த செய்தி ஒரு காலை நேரத்தில் வந்தது. ரொசாரியோ எழுதியதைப் போன் தமிழாக்கியிருந்தது. 'உங்கள் சகோதரர் வேலை இடத்தில் விழுந்தார். இதயம். அவர் இப்போது இல்லை. நான் உங்களை வலிமையாகக் கட்டிப்பிடிக்கிறேன்.'

அதைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நான் அழுதேன். அழுது முடியும்வரை எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. முடிந்த பிறகு ஒரு வார்த்தைகூட இல்லாமல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. சேகர்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள்.

நான் விசா வாங்கிப் போய்ச் சேரும் தூரமா அது? 'உடலை என்ன செய்யப் போகிறீர்கள்' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். மெஷின் அதை எப்படி மாற்றியதோ, 'எல்லாவற்றையும் நான் கவனித்துக்கொள்கிறேன், நீ ஓய்வெடு' என்று பதில் வந்தது. அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது சேகர் காவேரியைப் பார்த்துக்கொண்டே, "கடைசியில இங்கதான்க்கா வந்து சேருவேன்" என்று சொல்லியிருந்தான். அது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

பேப்பர் ஆடக் கூடாது

ரிட்டயர் ஆன டீச்சரின் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் நாள் முழுக்கக் கத்தியிருப்போம். பிறகு திடீரென்று ஒன்றுமில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரும் ஆம்புலன்ஸ் சத்தம், காய்கறி வண்டிக்காரரின் மைக், மேலே சுற்றும் ஃபேன். சில நாள் மாலையில் யாராவது போன் செய்தால் என் குரல் கரகரவென்று வரும். "என்னம்மா, தூங்கிட்டிருந்தீங்களா?" என்பார்கள். தூங்கவில்லை. அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு.

அதனால் என்னிடம் தினமும் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்ட அந்தச் செல்போன் பாடத்தை நான் எதிர்பார்க்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம்.

பாடங்கள் எல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நான் அந்த வரிசையில்தான் போய் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு எங்கே இடம்?

வகுப்பில் பிள்ளைகளை வாய்க்கு நேராக ஒரு துண்டுப் பேப்பரைப் பிடிக்கச் சொல்வேன். 'பென்' என்று சொன்னால் பேப்பர் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் மறுபடியும் சொல்ல வேண்டும். தமிழ் 'ப' காற்றே இல்லாமல் வரும். இங்கிலீஷ் 'ப' காற்றோடு வர வேண்டும் என்பது பாடம். அதற்காக எத்தனை பிள்ளைகளின் உயிரை வாங்கியிருப்பேன்!

ஸ்பானிஷ் பாடத்தில் அதே பேப்பர் வந்தது. ஆனால் இங்கே பேப்பர் ஆடக் கூடாது என்றார்கள்.

என் வாயோ இங்கிலீஷுக்குப் பழகிப்போயிருந்தது. 'பான்' என்றால் ரொட்டி; நான் சொன்னால் பேப்பர் பறந்தது. நாக்கு பல்லைத் தொட வேண்டிய இடத்தில் மேலே போய் நின்றது. 'நாதா' என்று ஒரு சொல்; ஒன்றுமில்லை என்று அர்த்தம். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து 'நாடா' என்றே வந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில் சிவப்பு.

வீட்டுக்குப் பக்கத்திலேயே காய்கறிக் கடை இருந்தும் நான் வாரம் ஒரு நாள் பஸ் பிடித்துக் காந்தி மார்க்கெட்டுக்குப் போவேன். விலைக்காக இல்லை, அங்கே நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும். அப்படி ஒரு நாள் கத்திரிக்காய்க் குவியல் ஒன்றைக் காட்டி, "அது என்ன வெல?" என்று கேட்டேன். கேட்ட வாயோடு நின்றுவிட்டேன்.

அது. அந்த 'து'. நாக்கு பல்லின் மேல் படுவதும் படாததுமாக நழுவி வந்தது. இவ்வளவு நாளாகச் சிவப்பு காட்டிக்கொண்டிருந்த ஒலி அதுதான்.

"கிலோவா, அரைக் கிலோவாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அது, அது, அது" என்றேன்.

"அதுதாம்மா, எவ்ளோ போடட்டும்?"

அன்று பஸ்ஸில் இஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தமிழில் 'பகல்' என்று சொல்லும்போது 'க' எப்படிக் குழைகிறதோ, அப்படித்தான் அவர்கள் தண்ணீரை 'ஆகுவா' என்பதும். ப, த, க மூன்றும் எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவை. நான்தான் இங்கிலீஷ் வழியாக ஊரைச் சுற்றி வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் தேடினேன். சேகரிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. அவன் சிரித்திருப்பான்.

கண்ணாடியில் ஊதுகிற மாதிரி

கீழ் வீட்டில் நூர்ஜஹான் குடியிருந்தார். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. கணவர் சார்ஜாவில். அதுவரை நாங்கள் மோட்டார் போடுவதைப் பற்றியும் குப்பை வண்டியைப் பற்றியும் மட்டுமே பேசியிருந்தோம்.

ஹிஹோனுக்கு நான் தொண்டையைச் செருமிச் செருமிப் பயிற்சி செய்ததில் ஒரு மதியம் அவர் பதறி மேலே ஏறி வந்துவிட்டார்.

"டீச்சர், என்னாச்சு? ஏதாவது அடைச்சுக்கிச்சா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்ல உருது பேசுவோம் டீச்சர். இந்தச் சத்தம் எங்களுக்கு நாளெல்லாம் வரும். சேதிக்கு 'கபர்'னு சொல்லுவோம், கேளுங்க." அந்த முதல் எழுத்தில் 'க'வும் 'ஹ'வும் சேர்ந்து தொண்டையில் மெல்ல உரசின. "நீங்க மீன் முள்ளு மாட்டின மாதிரி பண்றீங்க. அவ்ளோ வேணாம். மூக்குக் கண்ணாடியத் தொடைக்க ஊதுவோம்ல? அதே மூச்சுதான். இன்னும் கொஞ்சம் உள்ளேந்து விடுங்க."

என் கண்ணாடியைக் கழற்றி ஊதினேன். ஹிஹோன். கண்ணாடி மங்கியது.

"ஆங், வந்துருச்சு" என்றார்.

அதன் பிறகு அவர் ஷிஃப்ட் இல்லாத மதியங்களில் மேலே வந்தார். பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் அவர் கணவருடைய அடுத்த லீவு. வாரத்துக்கு ஒரு தடவைதான் அவர் வருவார். ஆனாலும் அந்த நாள் எது என்று நினைவில் வைத்துக்கொண்டு டீக்குக் கூடப் பால் வாங்க ஆரம்பித்தேன்.

மீன்கடையிலா?

இதற்கிடையே ரொசாரியோ தினமும் காலையில் 'புவெனோஸ் தியாஸ்' என்று செய்தி அனுப்புவாள். நானும் அனுப்புவேன். மழை, வெயில், சாப்பாடு. சேகரின் கடைசி நாளைப் பற்றிப் பேச இருவருக்குமே பயம்.

ஒரு நாள் நீளமாகக் குரல் பதிவு ஒன்று வந்தது. அழுகைக்கு நடுவே பேசியிருந்தாள். மெஷினிடம் கொடுக்காமல் நானே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மறுபடி மறுபடி கேட்டேன். சில சொற்கள் மட்டும் கையில் சிக்கின. வேலை. மழை. யாருமில்லை. பிறகு 'எந்தெரே'.

அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சாவு சம்பந்தப்பட்ட சொற்களைத்தான் நான் முதலில் தேடிப் படித்திருந்தேன். புதைத்தேன் என்று அர்த்தம்.

யாருமில்லாமல், மழையில், புதைத்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் எரிப்பது. காவேரியில் கரைப்பது. அவனே தன் வாயால் கேட்டது. அவனை எங்கோ குளிரில் ஈர மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லால்குடியில் இருக்கும் பெரியப்பா மகன் பாலு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம் அண்ணே."

"அந்த ஊரு வழக்கம் அதுவா இருக்கும். விடு வசந்தா. போன உயிரு வரவா போகுது?" என்றார்.

விட முடியவில்லை. ரொசாரியோவின் காலை வணக்கங்களுக்கு நான் பதில் போடவில்லை. அவள் தினமும் அனுப்பினாள். கடைசியில் வீடியோவில் கூப்பிட்டாள்.

எடுத்தேன். எங்கே புதைத்தாய் என்ற கேள்வியை அதற்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'எந்தெர்ராஸ்தே' என்று 'ர' உருள வேண்டிய சொல். அந்தக் கோபத்தில் நாக்கு எங்கே உருளும்? ஒற்றை 'ர'வாகத்தான் வந்தது.

ரொசாரியோ ஒரு கணம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மீன்கடையில்."

"மீன்கடையிலா?"

"ஆமாம். மீன்கடையில். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்."

"ஐயோ, மீன்கடையிலயா!" என்று தமிழில் அலறிவிட்டேன். பிறகு போனை மேசையில் சாய்த்து வைத்து, இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டிக் காட்டினேன். தோண்டி, உள்ளே வைத்து, மூடிக் காட்டினேன்.

ரொசாரியோவின் கண்கள் விரிந்தன. "நோ, நோ, நோ, பசந்தா!" வசந்தா என்பதில் உள்ள 'வ' அவளுக்கு 'ப'வாகத்தான் வரும். போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். விட்டம் தெரிந்தது, விளக்கு தெரிந்தது, சுவர் தெரிந்தது. ஓர் அலமாரித் தட்டு. அதில் சாம்பல் நிறத்தில் சின்னப் பெட்டி. பக்கத்தில் மடித்து வைத்த சேகரின் மூக்குக் கண்ணாடி.

"இங்கே இருக்கிறான்" என்றாள். அந்த வாக்கியத்தில் இருந்த ஒவ்வோர் ஒலியும் எனக்குப் புரிந்தது.

பிறகு இரண்டு சொற்களையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினாள். ஒற்றை 'ர' வந்தால் 'தெரிந்துகொண்டேன்'. உருளும் 'ர' வந்தால் 'புதைத்தேன்'. மழை பெய்த அந்த நாளில் யாரும் அவளுக்குப் போன் செய்து சொல்லவில்லை. மீன்கடையில் வேலையாக இருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதைத்தான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். இப்போது நான் கேட்டதும் 'எங்கே தெரிந்துகொண்டாய்' என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது.

பள்ளியில் எங்கள் தமிழய்யா 'இரந்தான்' என்றால் பிச்சை கேட்டான், 'இறந்தான்' என்றால் செத்தான் என்று பலகையில் எழுதிப் போடுவார். ஆனால் வாயால் சொல்லும்போது எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். எழுதுகிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் என்று நான் நினைத்திருந்தேன்.

"நீ சொல்" என்றாள் ரொசாரியோ.

அழுது அழுது தளர்ந்திருந்த நாக்கு முதல்முறையாகத் தானாக உருண்டது. இத்தனை நாள் நான் அழுத்திப் பிடித்ததுதான் தப்பு போலிருக்கிறது. அவள் கைதட்டினாள். நான் சொன்ன சொல்லின் அர்த்தம் புதைத்தேன் என்பது. அதற்கு இருவரும் சிரித்தோம்.

தன் சாம்பலைக் காவேரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சேகர் அவளிடமும் சொல்லியிருந்தானாம். லீவு கிடைப்பதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மண்டபம்

ரொசாரியோ சென்னை வழியாகத் திருச்சிக்கு வந்து இறங்கினாள். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் அவள் பெயரைச் சொன்னேன். முதல் 'ர' உருண்டது, இரண்டாவது ஒரு தட்டோடு நின்றது.

அவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "சரியாகச் சொல்கிறாய்" என்றாள். "சேகருக்கு அது கடைசிவரை வரவே இல்லை. தப்பாகத்தான் கூப்பிடுவான்." பிறகு, "அப்படி இனி யார் கூப்பிடுவார்கள்?" என்றாள்.

அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். பாலு அண்ணன் வேட்டி துண்டோடு வந்து புரோகிதரிடம் பேசி வைத்திருந்தார். நூர்ஜஹான் கொடுத்த வெள்ளைச் சுடிதாரில் ரொசாரியோ பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஊரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்த பெட்டி அது.

பாலு அண்ணன் என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ண ஓரமா நிக்கச் சொல்லு வசந்தா. நான் செஞ்சு முடிச்சதும் வந்து கும்பிட்டுக்கட்டும். அதுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அவர் கையை நீட்டினார். ரொசாரியோவுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை விடாமல் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள். "நானே போடலாமா, பசந்தா?"

படித்துறையில் எத்தனையோ பேச்சு. மந்திரம், பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. அத்தனைக்கும் நடுவில் அவள் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது. எனக்கு மட்டும் புரிந்தது.

"அண்ணே, அவதான் கரைப்பா" என்றேன்.

"என்ன வசந்தா, வழக்கம்னு ஒண்ணு..."

"அவன் கூட இருந்தது அவ அண்ணே. நாம இல்ல."

பாலு அண்ணன் முகம் சுருங்கியது. புரோகிதர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே நிமிராமல் அவரிடம் சொன்னார்: "புத்திரன் இல்லாத இடத்துல பத்தினி பண்ணலாம். தோஷமில்லை. சங்கல்பத்தை வேணும்னா அந்த அம்மாவுக்காக நீங்க சொல்லுங்கோ."

ரொசாரியோ படியிறங்கினாள். முழங்காலளவு தண்ணீரில் நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மந்திரம் முடிந்ததும் அவள் பெட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் கொஞ்ச தூரம் நிறம் மாறி ஓடியது. பிறகு எப்போதும்போல ஆனது. தன் ஊர் ஜெபத்தை முணுமுணுத்தாள். முடித்துவிட்டு, "யா எஸ்தா" என்றாள். முடிந்தது.

பாலு அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொசாரியோ ஏறி வந்தபோது அவர்தான் கை கொடுத்து மேலே தூக்கினார்.

கிளம்புவதற்கு முந்தின மதியம்

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரொசாரியோவும் நானும் பேசிக்கொள்கிறோம். மற்ற நாட்களில் வீடு பழையபடிதான் இருக்கிறது. ஆனால் அவள் இங்கே இருந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது படித்துறை இல்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின மதியம்.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். வெயிலில் தெரு ஓய்ந்திருந்தது. ஏதோ கேட்கத் தயங்குகிறாள் என்று தெரிந்தது.

"சேகர் தூக்கத்தில் பேசுவான்" என்றாள். "எப்போதும் ஒரே வாக்கியம். காலையில் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவான். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் அக்கா என்றால் நீ. போனில் உன்னை அப்படித்தான் கூப்பிடுவான், அது தெரியும். மற்றது தெரியாது. ஏதாவது கெட்ட விஷயமோ என்று பயம்."

"சொல்லு" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, கதவத் தொற."

ஒரு ஒலிகூடப் பிசகவில்லை. அந்த 'த' பல்லில் குழைந்தது. 'வ' உதட்டோடு நின்றது. 'தொற' என்பதில் கடைசி எழுத்து ஒரே தட்டு. ஸ்பானிஷ் நாக்குக்கு அதில் எதுவுமே புதிதில்லை. புத்தூரில் பிறந்தவள் சொல்வதுபோல இருந்தது. இல்லை, சேகர் சொல்வதுபோலவே இருந்தது. வாக்கியத்தின் கடைசியில் குரலைக் கீழே விடுகிற அவனுடைய இழுவைகூட அதில் இருந்தது.

நாங்கள் கீழ் வீட்டில் இருந்த காலம் அது. படிக்கிற வயதில் அவன் அப்பாவுக்குத் தெரியாமல் செகண்ட் ஷோ சினிமாவுக்குப் போவான். அப்பா கூடத்தில் படுத்திருப்பார். திரும்பி வந்து பெல் அடிக்க மாட்டான். என் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று மூச்சுக் குரலில் அப்படித்தான் கூப்பிடுவான். நான் சத்தமில்லாமல் போய்ப் பின்கதவைத் திறந்துவிடுவேன். அவன் கப்பலுக்குப் போன பிறகு அதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"கதவைத் திற என்று அர்த்தம்" என்றேன். "அக்கா, கதவைத் திற."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜன்னல் கதையை எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன்.

"நான் அவன் தலையைத் தடவித் தூங்கு, தூங்கு என்று சொல்வேன்" என்றாள். "அவன் வெளியே நின்றுகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது."

கொஞ்சம் கழித்து, "நீ என்ன பதில் சொல்வாய்?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன், இரு."

அதைக் கற்றுக்கொடு என்றாள். 'வந்து' முதலில் 'பந்து' ஆனது; கதவின் 'வ'வை நினைவுபடுத்தியதும் வந்தது. 'இரு' வந்தது. நடுவில் இருந்த 'ட்டே'தான் வரவில்லை. வந்துத்தேன், வந்துத்தேன் என்றே சொன்னாள். நாக்கை மடக்குகிற ஒலி அவர்கள் மொழியில் கிடையாது. நுனியைப் பின்னால் மடக்கு, மேலண்ணத்தில் ஒட்டு, பிறகு விடு என்றேன். என் வாயைத் திறந்து காட்டினேன். அவள் தன் வாயைத் திறந்து காட்டினாள். தப்பு, இன்னும் கொஞ்சம் பின்னால். மறுபடியும். மறுபடியும்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு அவளுக்கு அது வந்துவிட்டது. "வந்துட்டேன், இரு" என்று சுத்தமாகச் சொன்னாள். சரியா என்று கேட்டாள்.

சரி என்றேன். அந்த வாக்கியத்தை இனி யாரிடம் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.